கல்வெட்டும் மனுவும்

சில புஸ்தகங்களைப் பற்றி ஒரு தடவை தீர்ப்புச் சொல்லிவிட்டு, பிறகு வருஷக்கணக்கில் அந்தத் தீர்ப்பையே நம்பிக் கொண்டிருந்து விடுகிறோம். மறுபடி எடுத்துப் படிக்கிற சிரமத்தை அது நமக்கு மிச்சப்படுத்தி விடுகிறது. யஷார் கெமால் என்ற துருக்கி நாவலாசிரியரின் முதல் நாவலுக்கு நான் இந்த அநியாயத்தைத்தான் செய்திருந்தேன்.

1955-ல் துருக்கியில் புஸ்தகமாக வந்த நாவல் அது. எட்வார்ட் ரொதித்தி செய்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 1961-ல் வெளியாயிற்று. நான் படித்தது அதைத்தான். இங்கிலீஷ்த் தலைப்பில் கதாநாயகனை 'என் ராஜாளியே' என்று அழைத்திருந்தார்கள். ராஜாளி என்றதும் நான் ஒரு சாகசக் கதையை எதிர்பார்த்தேன். எதிர்பார்த்ததையே படித்தும் முடித்தேன். கொடுமைக்கார நிலச்சுவான்தார், அவனைச் சுட்டுவிட்டு மலைக்கு ஓடும் இளைஞன், சிறையில் வாடும் காதலி, கடைசியில் பழி தீர்ப்பு. "நல்ல கொள்ளைக்காரன் கதை, அவ்வளவுதான்" என்று நண்பர்களிடம் சொல்லி வந்தேன்.

சரித்திரம் சொல்லிக் கொடுக்கிற நண்பர் ஒருவர் ஒரு நாள் என்னை மடக்கினார். "கதை எங்கே நடக்கிறது?" என்று கேட்டார். "துருக்கியில், ஏதோ மலையில்" என்றேன். "ஏதோ மலையா? அப்படியானால் நீங்கள் அந்த நாவலைப் படிக்கவில்லை" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தோடு வீட்டுக்கு வந்து, ஒரு தேசப்படத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு புஸ்தகத்தை மறுபடி படித்தேன். நண்பர் சொன்னது சரி என்பதை ஒப்புக்கொள்வதற்காகவே இந்தக் கட்டுரை.

துருக்கி மொழியில் நாவலின் பெயர் 'இஞ்ஜெ மெமெத்'. இஞ்ஜெ என்றால் மெலிந்தது என்று அர்த்தம். ஒல்லி மெமெத். ராஜாளிக்கும் ஒல்லிப் பையனுக்கும் உள்ள தூரம் கொஞ்சமல்ல. சோறு போதாமல் வளர்ந்த உடம்பு என்பதை மூலத்தின் தலைப்பே சொல்லிவிடுகிறது. ஏன் போதவில்லை என்பதைத்தான் நாவல் சொல்லுகிறது. அதற்கு அந்த வட்டாரத்தின் சரித்திரம் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

துருக்கியின் தென்பகுதியில், ஒஸ்மானியே மாகாணத்தில் இருக்கிறது கதிர்லி தாலுகா. 1996-ல் ஒஸ்மானியே தனி மாகாணமாகும் வரையில் அது அதானாவைச் சேர்ந்திருந்தது. வடக்கே டாரஸ் மலைத்தொடர். தெற்கே மத்தியதரைக் கடல் வரை இறங்கிச் செல்லும் சுக்குரோவா சமவெளி. மலையும் சமவெளியும் முட்டிக்கொள்கிற விளிம்பில் தாலுகா அமைந்திருக்கிறது. ஜெய்ஹான் ஆறு மலையை அறுத்துக்கொண்டு வந்து சமவெளியில் பரவுகிறது. இன்றைக்குத் துருக்கிக்காரர்களைக் கேட்டால் கதிர்லி என்றதும் சிவப்பு முள்ளங்கியைச் சொல்வார்கள். ஒஸ்மானியே என்றதும் நிலக்கடலையைச் சொல்வார்கள். ரோமானியர் காலத்தில் இதே இடத்தில் ஃப்ளாவியோபொலிஸ் என்ற நகரம் இருந்தது. அதன் கற்களை எடுத்துப் பைஸாந்தியர்கள் ஒரு மாதா கோயில் கட்டினார்கள். துல்காதிர் சிற்றரசர்கள் காலத்தில் அது ஆலா ஜாமி என்ற மசூதியாயிற்று. ஒரே சுவரில் மூன்று காலத்துக் கற்களைப் பார்க்கலாமாம். நான் போனதில்லை, படங்களில் பார்த்ததுதான்.

ஆனால் இந்தத் தாலுகாவின் பெரிய செல்வம் ஊருக்குள் இல்லை. தென்கிழக்கே, ஜெய்ஹான் ஆற்றின் மேல் காட்டு மேடொன்றில் இருக்கிறது. கராத்தெபே என்று பெயர். கருமேடு என்று சொல்லலாம். அங்கே சிங்க உருவம் செதுக்கிய கல் கிடக்கிறது என்பது ஆடு மேய்க்கும் நாடோடிகளுக்கு வெகு காலமாகத் தெரிந்த விஷயம். அவர்களிடமிருந்து கதிர்லிப் பள்ளி ஆசிரியர் எக்ரெம் குஷ்ச்சுவுக்குத் தெரிந்தது. அவர் வழிகாட்ட, 1946-ல் ஹெல்முத் போஸெர்ட் என்ற பேராசிரியரும் ஹாலெத் சாம்பெல் என்ற இளம் பெண்மணியும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சுமார் 2700 ஆண்டுகளுக்கு முன் அஸாதிவாதா என்ற சிற்றரசன் கட்டிய கோட்டை அது. வாசல்களில் ஒரே வாசகத்தை ஃபினிஷிய எழுத்திலும் லூவியச் சித்திர எழுத்திலும் பொறித்து வைத்திருந்தான். முதல் எழுத்தை அறிஞர்கள் நன்றாகப் படிப்பார்கள். இரண்டாவதைப் பாதி ஊகமாகவே படித்து வந்தார்கள். இரண்டும் ஒரே இடத்தில் அகப்பட்டதால் அந்த ஊகங்களுக்கு உரைகல் கிடைத்தது.

அந்தக் கல்வெட்டு என்ன சொல்லுகிறது என்பதைப் படித்தபோதுதான் நாவலின் கதவு எனக்குத் திறந்தது. நம்முடைய மெய்க்கீர்த்திகளைப் படித்துப் பழகியவர்களுக்கு அதன் தொனி புதிதாக இராது. சமவெளியை விரிவாக்கினேன், களஞ்சியங்களை நிரப்பினேன் என்று அரசன் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறான். எல்லைப்புறங்களில் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்த பொல்லாதவர்களை அடக்கினேன் என்கிறான். அங்கே கோட்டைகள் கட்டினேன், ஒரு திசை ஜனங்களைப் பெயர்த்து இன்னொரு திசையில் குடியேற்றினேன் என்கிறான். ஆண்பிள்ளையே நடக்கப் பயந்த பாதைகளில் என் காலத்தில் பெண்கள் தக்ளியும் கையுமாகத் தனியே நடக்கிறார்கள் என்று பெருமைப்படுகிறான். கடைசியில், தன் பெயரை அழிப்பவனுக்குச் சாபம்.

அழகான கல்வெட்டுத்தான். தக்ளியோடு நடக்கும் பெண்ணை மறக்க முடியாது. ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. பெயர்த்துக் குடியேற்றப்பட்டவர்கள் அதைப் பற்றி என்ன நினைத்தார்கள்? அடக்கப்பட்ட பொல்லாதவர்கள் யார், எதற்காகக் கூட்டம் சேர்த்தார்கள்? கல்லில் அதற்கு இடமில்லை.

இருபத்தைந்து நூற்றாண்டுகள் கழித்து அதே சமவெளியில் அதே காரியம் மறுபடி நடந்தது. 1865-ல் உஸ்மானிய சர்க்கார், தெர்விஷ் பாஷாவையும் சரித்திரக்காரரான ஜெவ்தெத் பாஷாவையும் தலைமையாகப் போட்டு ஒரு படையை அனுப்பியது. சீர்திருத்தப் படை என்று அதற்குப் பெயர். கோடையில் மலைமேல் புல்வெளிகளுக்கும் குளிர்காலத்தில் சமவெளிக்கும் மந்தைகளோடு போய்வந்து கொண்டிருந்த துர்க்மேன் நாடோடிகளை ஓரிடத்தில் உட்கார வைப்பது அதன் வேலை. சர்க்காருக்கு வரியும் சிப்பாய்களும் வேண்டியிருந்தன. சமவெளியில் பருத்தி விளைவிக்க ஆட்கள் வேண்டியிருந்தார்கள். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தினால் உலகமெங்கும் பருத்தி விலை ஏறியிருந்த சமயம் அது. நாடோடிகள் எதிர்த்தார்கள், தோற்றார்கள். மலைக்குப் போகும் வழிகளை மறித்து, அவர்களைச் சதுப்பு நிலத்தில் குடிவைத்தார்கள். சுக்குரோவாவின் கோடை அப்போது மலேரியாவின் ராஜ்யம். திரள் திரளாக மாண்டார்கள். தாதாலோலு என்ற நாட்டுக்கவி இந்த எதிர்ப்பைப் பாடினார். துருக்கியில் அந்தப் பாட்டைத் தெரியாதவர்கள் குறைவு. பாஷாவின் பக்கத்தைப் பாஷாவே எழுதி வைத்தார்.

யஷார் கெமால் பிறந்த ஹெமிதே என்ற ஊர் அப்படிக் குடியமர்த்தப்பட்டவர்களின் ஊர்தான். கதிர்லிக்கும் ஒஸ்மானியேவுக்கும் இடையே ஜெய்ஹான் கரையில் இருக்கிறது. துர்க்மேன்களின் நடுவே அவருடைய குடும்பம் ஒன்றுதான் குர்து குடும்பம். முதல் உலக யுத்தத்தின்போது கிழக்கே வான் ஏரிப் பக்கத்திலிருந்து ஓடிவந்தவர்கள். ஐந்து வயதுகூட நிரம்பாத பையன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மசூதியில் தொழுதுகொண்டிருந்த தகப்பனாரை, அவர் எடுத்து வளர்த்தவனே குத்திக் கொன்றான். அதிலிருந்து பன்னிரண்டு வயது வரையில் பையனுக்குத் திக்குவாய். பாடும்போது மட்டும் திக்கவில்லை என்கிறார்கள். கதிர்லியில் ஆரம்பப் படிப்பை முடித்த பிறகு, நெல் வயலில் நீர்ப்பாய்ச்சல் மேற்பார்வை, டிராக்டர் ஓட்டுதல், தாற்காலிக வாத்தியார் வேலை என்று பலவும் செய்தார்.

இவற்றில் இரண்டு காரியங்கள் இலக்கியத்துக்கு முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, அவர் கிராமம் கிராமமாகப் போய் ஒப்பாரிப் பாட்டுகளைச் சேகரித்தது. 1943-ல் வெளியான அவருடைய முதல் புஸ்தகம் கதையல்ல. அந்த ஒப்பாரித் தொகுப்புத்தான். மற்றது, கதிர்லியில் ஒரு டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு, எழுதத் தெரியாத குடியானவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தது. 1950-ல் பொதுவுடைமைப் பிரசாரம் செய்ததாகக் குற்றம் சாட்டிச் சிறையில் போட்டார்கள். விடுதலையாகி 1951-ல் இஸ்தான்புலுக்குப் போய்ப் பத்திரிகைக்காரரானார்.

மனு எழுதுகிறவனுக்குக் கிடைக்கிற இலக்கியப் பயிற்சி வேறு யாருக்கும் கிடைக்காது. எதிரே உட்கார்ந்திருக்கிறவன் அழுவான், சபிப்பான், பாட்டன் காலத்துக் கதையிலிருந்து ஆரம்பிப்பான். அதிலிருந்து எந்த நிலம், யாரால், எந்த வருஷம், எந்தப் பத்திரத்தைக் காட்டிப் பிடுங்கப்பட்டது என்பதைப் பிரித்தெடுத்து ஒரு தாளில் எழுத வேண்டும். அழுகை காகிதத்தில் வராது. ஆனால் அழுகையைக் கேட்காமல் எழுதவும் முடியாது. கல்வெட்டு மேலிருந்து கீழே பேசுகிற எழுத்து. மனு கீழேயிருந்து மேலே பேசுகிற எழுத்து. யஷார் கெமாலின் நாவல், பதில் வராத ஆயிரம் மனுக்களின் தொகுப்பு. அந்த மனுக்களில் எழுத முடியாமல் போன ஒப்பாரியும் அதில் சேர்ந்திருக்கிறது.

இந்த நினைவோடு நாவலைப் படித்தால், முன்பு நான் தாண்டிப்போன இடங்களெல்லாம் பெரியவையாகத் தெரிகின்றன. மலையடிவாரத்து முட்புதர் வெளியில் ஐந்து கிராமங்கள். ஐந்தும் அப்தி ஆகாவுக்குச் சொந்தம். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு அவனுக்கு. தகப்பனில்லாத மெமெத் முட்கள் காலைக் கிழிக்க உழுகிறான். அந்த முட்செடியை ஆசிரியர் வர்ணித்து முடிப்பதாகவே இல்லை. முதல் தடவை படித்தபோது எனக்கு அலுப்புத் தட்டியது. இப்போது அலுக்கவில்லை. நிலம் யாருடையது என்ற கேள்வி அந்தப் பையனுக்கு முதன்முதலில் காலில்தான் தைக்கிறது.

வாலிபனான பிறகு ஒரு தோழனோடு முதல் தடவையாக நகரத்துக்குப் போகிறான் மெமெத். சத்திரத்தில் ஹசன் என்ற கிழவரைச் சந்தித்து, "இந்த ஊருக்கு ஆகா யார்?" என்று விசாரிக்கிறான். இந்த ஊர் முழுவதற்குமாக ஓர் ஆகா கிடையாது என்று தெரிந்ததும் அவனுக்குத் தூக்கம் போய்விடுகிறது. துப்பாக்கி வெடிக்கிற எந்தக் காட்சியையும்விட எனக்கு இது பெரிதாகப் படுகிறது. ஆகா இல்லாமல் ஊர் இருக்க முடியும் என்பதே அவனுக்குச் செய்தி.

இன்னொன்று, நாடோடித் தலைவன் கெரிமோலுவின் கூடாரம். மெமெத் முதலில் சேர்வது துர்து என்ற பித்துக்கொள்ளிக் கொள்ளைக்காரனின் கூட்டத்தில். அகப்பட்டவனின் உள்ளுடையைக்கூட விடாமல் உருவிக்கொண்டு அனுப்புகிறவன் அவன். இந்தக் கூட்டத்துக்குக் கெரிமோலு தன் கூடாரத்தில் விருந்து வைக்கிறான். கூடாரத்தின் நெசவும் நிறமும் அலங்காரமும் மெமெத்தைத் திகைக்க வைக்கின்றன. உண்ட வீட்டையே கொள்ளையிடத் துர்து கிளம்பும்போது மெமெத் குறுக்கே நிற்கிறான். அதோடு அந்தக் கூட்டத்தை விட்டுப் பிரிகிறான். நல்ல திருடன், கெட்ட திருடன் என்ற பாகுபாட்டைக் காட்டுவதற்காக வைத்த காட்சி என்று நான் அப்போது நினைத்தேன். 1865-ஐத் தெரிந்துகொண்டு படித்தால் விஷயம் வேறு. அந்தக் கூடாரம் மெமெத்தின் பாட்டன்மார் இழந்த வீடு. அதைக் கொள்ளையிட அவன் எப்படிச் சம்மதிப்பான்?

தக்ளியோடு தனியே நடக்கும் பெண் நாவலில் இருக்கிறாளா என்றும் தேடிப் பார்த்தேன். இருக்கிறாள். மெமெத்துக்காக வண்ண நூலில் காலுறை பின்னுகிற ஹாத்சே. அவளைப் பொய்ச் சாட்சி சொல்லிச் சிறையில் தள்ளுகிறார்கள். மெமெத் மீட்டு வருகிறான். மலையில் குழந்தை பெற்று, துப்பாக்கிச் சண்டையில் குண்டடிபட்டுச் சாகிறாள். அரசன் கல்லில் கொடுத்த வாக்கை நாவலாசிரியர் அதே மண்ணில் வைத்துச் சோதித்துப் பார்த்தது போலிருக்கிறது. அவர் அப்படி எண்ணி எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. மண்ணுக்குத் தெரிந்ததை எழுதினால் சில சமயம் இப்படி நேர்ந்துவிடும்.

அதே 1955-ல் வந்த 'தெனெகெ' என்ற சிறு நாவலையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தெனெகெ என்றால் தகரம். நெல் முதலாளிகள் கிராமங்களையே தண்ணீரில் மூழ்கடித்துப் பயிர் செய்கிறார்கள்; கொசு பெருகுகிறது, குழந்தைகள் சாகின்றன. புதிதாக வந்த இளம் தாலுகா அதிகாரி சட்டப்படி நடக்கப் பார்க்கிறான். ஊர்ப் பெரிய மனிதர்கள் அவனை மாற்றச் செய்து, தகர டப்பாவைத் தட்டி அவமானப்படுத்தி வழியனுப்புகிறார்கள். மனு எழுதுகிறவருக்கு மேஜையின் மறுபக்கமும் தெரிந்திருக்கிறது என்பதற்கு இதுவே அத்தாட்சி.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அப்தி ஆகா கொடுமையும் கோழைத்தனமும் கலந்த ஒரு பொம்மையாகவே பல அத்தியாயங்களில் நிற்கிறான். அவனுக்கு ஒரு உள்மனசு கிடையாது. தற்செயல்கள் அதிகம். 1969, 1984, 1987 ஆகிய வருஷங்களில் வந்த அடுத்த மூன்று பாகங்களில் சொன்னதையே திருப்பிச் சொல்லுகிற இடங்கள் உண்டு. இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று எனக்குத் தோன்றுகிறது. இந்த மண்ணில் ஆர்மீனியர்கள் நூற்றாண்டுகளாக வாழ்ந்தார்கள். பக்கத்துக் கோஸான் ஊர், சிஸ் என்ற பெயரில் 1375 வரை அவர்களுடைய ராஜ்யத்தின் தலைநகர். 1909-ல் அதானாவில் அவர்களைக் கொன்று குவித்தார்கள். 1915-ல் நாடு கடத்தினார்கள். முதல் பாகத்தின் நடுமேடையில் அவர்கள் இல்லை. பெயர்க்கப்பட்டவர்களின் கதையை எழுத வந்தவர், கடைசியாகப் பெயர்க்கப்பட்டவர்களை ஓரத்திலேயே விட்டுவிட்டார் என்று சொல்லத்தான் வேண்டும். 1997-க்குப் பிறகு எழுதிய தீவு நாவல்களில், கிரேக்கர்கள் வெளியேற்றப்பட்ட ஒரு தீவை அவர் எடுத்துக்கொண்டார். அந்தக் கடன் அவரை உறுத்தியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

வட்டாரப் பெருமை என்று பேசுகிறவர்கள் ஹாலெத் சாம்பெலின் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் வாள் வீசியவர். அங்கே ஹிட்லரைச் சந்திக்க மறுத்தவர். கராத்தெபேயின் உடைந்த சிற்பங்களை நகரத்து மியூசியத்துக்கு எடுத்துப் போகக்கூடாது என்று போராடி, துண்டு துண்டாகச் சேர்த்து, அவை கிடந்த இடத்திலேயே நிறுத்தினார். விருந்துண்ணும் அரசனும், மேஜையடியில் குரங்கும், குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாயும் இன்றும் அந்தக் காட்டிலேயே இருக்கிறார்கள். ஆற்றில் அணை கட்டத் திட்டம் வந்தபோது, சிற்பங்கள் மூழ்காதபடி நீர்மட்டத்தைக் குறைக்க வைத்தார். அணை 1984-ல் முடிந்தது. சுற்றுக் கிராமங்களுக்குப் பள்ளிக்கூடம் கொண்டுவந்தார். இயற்கைச் சாயத்தில் கம்பளம் நெய்வதை மறுபடி தழைக்கச் செய்தார். 2014-ல் காலமாகும்போது அவருக்கு வயது தொண்ணூற்றேழு. மறுவருஷம் யஷார் கெமாலும் காலமானார்.

கல் இடம் பெயராமல் நின்றுவிட்டது. நாவலுக்கு அந்தப் பாக்கியம் முழுவதும் வாய்க்கவில்லை. பீட்டர் உஸ்தினாவ் 1984-ல் மெமெத்தைச் சினிமாவாக எடுத்தபோது துருக்கியில் படம் பிடிக்க அநுமதி கிடைக்காமல் யூகோஸ்லாவியாவில் எடுத்தார். மலை என்றால் ஏதாவது ஒரு மலை போதும் என்று நான் நினைத்ததற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

நாவலின் முடிவை நான் ஒரு காலத்தில் சினிமா முடிவு என்று கேலி செய்திருக்கிறேன். அப்தி ஆகாவைக் கொன்றுவிட்டு மெமெத் போய்விடுகிறான். எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு வருஷா வருஷம் உழவுக்கு முன் ஜனங்கள் கூடி ஆடிப்பாடி முட்செடிகளுக்குத் தீ வைக்கிறார்கள். அப்போது மலையுச்சியில் மூன்று இரவு ஓர் ஒளி தெரிகிறது. அந்த ஒளியைத்தான் நான் கேலி செய்தேன். இப்போது தீயைப் பார்க்கிறேன். நிலம் தங்களுடையது என்று ஆன பிறகுதான் அந்த ஜனங்களுக்கு முள்ளைக் கொளுத்தத் தோன்றியிருக்கிறது. ஒரு ஸ்தல புராணம் பிறக்கிற இடம் அதுதான். எழுதி வைத்தவர் அரசர் அல்ல, மனு எழுதிக் கொடுத்தவர்.

என் பழைய தீர்ப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இனிமேல் படிக்கப் போகிறவர்கள் தேசப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். கூடாரக் காட்சி வரும்போது கொஞ்சம் நிதானமாகப் படிக்கட்டும். அடுத்த பாகங்களுக்கு அவசரமில்லை. 'தெனெகெ'யை முதலில் படித்துவிடலாம்.